தகவல் தந்தவர்

கண்டி,
17.10.1954

அன்புள்ள ஜுனைதாவுக்கு, உன் கணவன் ஷரிபுதீன் ஸலாத்துடன் எழுதுவது.

இங்கே வந்து மூன்றரை மாதமாகிறது. இதுவரை உனக்கு நான்கு கடிதம் போட்டிருக்கிறேன். நான்கிலும் ஒரே மூன்று விஷயம்தான். நான் சுகம். படிப்பு நன்றாக நடக்கிறது. மாமாவுக்கும் மாமிக்கும் ஸலாம். முதலாவதும் மூன்றாவதும் உண்மை. நடுவில் உள்ளது பொய்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. மருதமுனையில் எங்கள் வீட்டுக்கு எழுத முடியாது. மகன் பல்கலைக்கழகத்தில் என்று வாப்பா தோணித்துறையில் சொல்லிக்கொண்டு திரிகிறார். உன்னோடு நான் வாழ்ந்தது நாற்பது நாள். ஆனாலும் உனக்குத்தான் எழுதத் தோன்றியது.

இங்கே இரண்டு விதமாகப் படிப்பிக்கிறார்கள். ஒன்று பெரிய மண்டபத்தில் விரிவுரை. நூறு பேர் இருப்போம். யாரும் யாரையும் கேட்பதில்லை, எழுதிக்கொண்டால் போதும். அதில் எனக்குக் கஷ்டமில்லை. மற்றது டியூட்டோரியல். எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்போம். சமூகவியலுக்கு மிஸ் டி வோஸ் என்ற பறங்கிப் பெண்மணி வருகிறார். அவர் படிப்பிப்பதில்லை, கேட்கிறார். நீர் என்ன நினைக்கிறீர், ஏன் அப்படி நினைக்கிறீர் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருவார். என் முறை வரும்போது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இங்கிலீசில் எழுதுவேன், வாசிப்பேன். வாயால் வராது. எனக்குப் பக்கத்தில் ஒரு கொழும்புப் பெண் இருக்கிறாள். அவள் பேசுவதைக் கேட்டால் இங்கிலீசு அவள் வாயில் முளைத்தது போலிருக்கும். அவள் பேசி முடித்த பிறகு நான் என்னத்தைச் சொல்ல? தலையை ஆட்டுவேன். மிஸ் அடுத்தவரிடம் போய்விடுவார்.

போன வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என்னை நிற்கச் சொன்னார். “பேசாத ஒருவரை என்னால் மதிப்பிட முடியாது. தவணை முடிவதற்குள் உமது குரலைக் கேட்காவிட்டால் விசேடப் பட்ட வகுப்புக்கு உமது பெயரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மாமாவுக்குச் சொல்லாதே.

உன்,
ஷரிபுதீன்

*

சாய்ந்தமருது,
26.10.1954

மச்சான் அவர்களுக்கு, ஜுனைதா ஸலாத்துடன் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதத்தைத் தபால்காரரிடம் வாப்பாதான் வாங்கினார். உடைக்காமல் என்னிடம் தந்தார். “தம்பி நல்லாப் படிக்காராமா?” என்று கேட்டார். ஓம் என்றேன். உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய் அது.

உங்களுக்குப் பேச வராது என்பது எங்களுக்குப் புதினமில்லை. நாற்பது நாளும் இந்த வீட்டில் சோறு போட்டால் போதும் என்று கையைத்தான் காட்டினீர்கள். மருமகன் ஊமையோ என்று உம்மா மூத்தமகள் றாஹிலா றாத்தாவிடம் கேட்டார். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆனால் நீங்கள் போவதற்கு முதல்நாள் கிணற்றடியில் உங்கள் வாப்பாவின் தோணி கவிழ்ந்த கதையை எனக்குப் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் சொன்னீர்கள். வாளி தண்ணீரோடு அப்படியே கிடந்தது. ஆகையால் உங்களுக்குப் பேச வரும். பிழை பிடிக்கக் காத்திருப்பவர்களுக்கு முன்னால்தான் வராது.

என்னை ஏழாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். இங்கிலீசில் எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்த மிஸ் கேட்பது இங்கிலீசையா, யோசனையையா? யோசனை என்றால் அது எந்தப் பாஷையிலும் வரும். அடுத்த வகுப்பில் கேட்கப்போகும் கேள்வியை எனக்குத் தமிழில் எழுதி அனுப்புங்கள். பகலில் நெல்லுக் காயவைத்துவிட்டுக் காகம் விரட்டிக்கொண்டு இருக்கிறேன். யோசிக்க நேரமிருக்கிறது.

வாடைக் கடல் தொடங்கிவிட்டது. மருதமுனையில் தோணி எதுவும் இறக்கவில்லையாம். மாமா சுகம்.

ஜுனைதா

*

கண்டி,
4.11.1954

அன்புள்ள ஜுனைதாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒரு இடத்தில் சிரித்தேன். அறையில் கூட இருக்கும் செல்லத்தம்பி திருக்கோவில் ஆள். என்ன வந்திருக்கிறது என்று கேட்டான். பெஞ்சாதியின் கடிதம் என்றேன். பெஞ்சாதியின் கடிதத்துக்கு யாராவது சிரிப்பார்களா என்றான்.

கேள்வி இதுதான். சில சமூகங்களில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. குடி என்கிற குலமும் தாயின் வழியால் வருகிறது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்கிறான். அப்படிப்பட்ட இடங்களில் பெண்ணுக்கு அதிகாரம் இருக்கிறதா?

மிஸ் தந்த புத்தகத்தில் மலையாள நாட்டைப் பற்றி நாற்பது பக்கம் இருக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையைப் பற்றி ஒரேயொரு வரி. அந்த வரியை வாசித்துவிட்டு மிஸ் என்னைப் பார்த்தார். “நீர் அந்தப் பக்கம்தானே?” என்றார். யெஸ் மிஸ் என்றேன். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரும் என் வாயையே பார்த்தார்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. இந்த முறை இங்கிலீசைக் குறை சொல்ல முடியாது. தமிழில் கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திராது. உன் வீட்டில் நானே போய் இருந்திருக்கிறேன், ஆனால் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. மூன்று கிழமை கழித்து இதையே திரும்ப எடுக்கப்போகிறார். நீ சொல்லு. உன் வீட்டில் எப்படி?

ஷரிபுதீன்

*

சாய்ந்தமருது,
13.11.1954

மச்சான் அவர்களுக்கு,

கேள்வியை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. இரண்டு நாள் எழுதவில்லை. எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வீடு என் பேரில் இருக்கிறது. பக்கத்து வளவு வீடு றாஹிலா றாத்தாவின் பேரில். உம்மாவின் குடிதான் எங்கள் குடி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் றாத்தாவின் கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். புருஷன் ஹமீட் மச்சான் றாத்தாவை விட்டுவிட்டுப் போனார் என்றுதான் ஊர் நம்புகிறது. உங்களுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்தார்கள். நடந்தது அதுவல்ல.

அவர் றாத்தாவை அடிப்பார். முதல் இரண்டு தரமும் அவ எங்களிடம் சொல்லவில்லை. மூன்றாம் தரம் உதடு வெடித்திருந்தது. அவர் நாவிதன்வெளி வயலுக்குப் போன பிறகு அவருடைய பெட்டியையும் சாரங்களையும் செருப்பையும் எடுத்து வேலிக்கு வெளியில் வைத்துவிட்டு றாத்தா வாசல் கடப்பைப் பூட்டினா. அவர் வந்து தட்டினார். றாத்தா திறக்கவில்லை. நான் உள்ளே அவவோடு இருந்தேன். எனக்கு அப்போது பதினாறு.

அன்றைக்கு அயலில் எல்லோரும் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதனால் யாரும் காணவில்லை. வாப்பா வந்தார். வந்து என்ன செய்தார் தெரியுமா? பெட்டியைத் தூக்கினார். கடப்பைத் திறக்கச் சொன்னார். மருமகனைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் அந்த மனிசன் றாத்தாவின் வீட்டில் றாத்தாவின் சோற்றைத் தின்றுகொண்டு இருந்தார். பள்ளிவாசலில் குடித் தலைவர்களான மரைக்கார்மார் கூடிப் பேசினார்கள். எங்கள் குடிக்கு வாப்பாதானே மரைக்கார். பிறகு காதியாரிடம் போனார்கள். றாத்தா திரைக்குப் பின்னால் இருந்தா. அவவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தானாகப் போனார் என்று சொல்வதாக இரண்டு பக்கமும் பேசி முடித்துத் தலாக் எடுத்தார்கள்.

அந்த மிஸ் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். வீடு பெண்ணுக்கு. கதவு வாப்பாவுக்கு.

மச்சான், கேள்வியை நீங்கள் விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். றாத்தாவின் கதை நம் வாசலைத் தாண்டக் கூடாது. வாப்பாவுக்குத் தெரிந்தால் என்னை உயிரோடு வைக்க மாட்டார். வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

ஜுனைதா

*

கண்டி,
25.11.1954

அன்புள்ள ஜுனைதாவுக்கு,

நான் பேசினேன். நேற்று, ஆட்களுக்கு முன்னால், இங்கிலீசில் பேசினேன்.

என் முறை வருவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டேன். கொழும்புப் பெண் தாய்வழிச் சமூகங்களில் பெண்தான் அரசி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இல்லை என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல. எல்லோரும் திரும்பினார்கள். நான் சொன்னேன், எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, கதவு அவள் வாப்பாவுக்கு என்று. மிஸ் எழுந்து போய் அதைக் கரும்பலகையில் எழுதினார். ஜுனைதா, அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு எழுத முடியாது. விளக்கும்படி கேட்டார்கள். விளக்கினேன். இலக்கணம் எல்லாம் பிழை. யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகும் போகவில்லை.

அது யாருடைய வார்த்தை என்று மிஸ் கேட்டார். எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வேறொன்றும் வாயில் வரவில்லை.

இப்போது விரிவுரையிலும் முன்வரிசை வாங்கில் இருக்கிறேன். நூலகத்துக்குப் போகிறேன். இத்தனை மாதமாக எனக்குப் பாரமாக இருந்த புத்தகங்கள் திடீரென்று நம் ஊர் ஆட்களைப் பற்றிப் பேசுவது போலிருக்கின்றன. மிஸ் இன்னொன்றும் சொன்னார். சமூகவியல் சங்கத்தில் ஜனவரி மாதம் ஒரு கட்டுரை வாசிக்கட்டாம். முதல் வருஷ மாணவன் யாருக்கும் அப்படிக் கேட்டதில்லையாம். அதனால் இந்த விடுமுறைக்கு ஊருக்கு வர முடியாது. விடுதியில் இருந்து எழுத வேண்டும்.

எனக்கு இன்னும் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது. கலியாணம் பேசும்போது முதலில் வாய் திறப்பது யார்? மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லையே, ஏன்? மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் எங்கே போய் இருப்பான்? எல்லாவற்றையும் எழுது. சின்ன விஷயம் என்று விட்டுவிடாதே.

உன்,
ஷரிபுதீன்

*

சாய்ந்தமருது,
6.12.1954

மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் பேசியது எனக்குச் சந்தோஷம். இரண்டு ரக்ஆத் தொழுதேன்.

ஆனால் எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நான்தான் சொன்னேன். அதுவும் முதல் தரம். பரவாயில்லை.

கேட்டவற்றுக்குப் பதில் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் தன் உம்மாவின் வீட்டுக்குப் போய் இருப்பான். அங்கே இரண்டு நாளைக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும். மூன்றாம் நாள், உனக்கு வீடில்லையா என்று உம்மாவே கேட்டு விடுவா. இதை எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. நாம் செய்கிறதையெல்லாம் ஒருத்தர் கேட்டால்தான் நமக்கே தெரிகிறது.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன். கதவைப் பற்றி விளக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதைச் சொல்லி விளக்கினீர்கள்? றாத்தாவின் கதையையா?

ஏன் கேட்கிறேன் என்றால், றாத்தாவுக்கு ஒரு இடம் பேசி வருகிறார்கள். வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிறவர், றஊப் என்று பெயர். மனைவி மவுத்தாகி இரண்டு வருஷம். நல்ல மனிசன் என்கிறார்கள். றாத்தா ஓம் என்று சொல்ல ஒரு மாதம் எடுத்தா. இப்போது துணி தைக்கக் கொடுத்திருக்கிறா. மாசி மாதம் நிக்காஹ். அவர்களுக்கும் ஹமீட் மச்சான் தானாகப் போனார் என்றுதான் சொல்லியிருக்கிறது.

பதில் எழுதுங்கள்.

ஜுனைதா

*

கண்டி,
30.1.1955

அன்புள்ள ஜுனைதாவுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது, மன்னிக்கவும். கட்டுரை வேலை மூச்சுவிட விடவில்லை. போன வியாழக்கிழமை வாசித்தேன். அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முடிந்ததும் ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சங்கத்தின் சஞ்சிகையிலும் அச்சடிக்கிறார்கள்.

நீ கேட்டதை மறக்கவில்லை. ஒரு குடும்பத்தில் நடந்ததாக ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறேன். பெயர் இல்லை. ஊரின் பெயரும் இல்லை, கிழக்குக் கரையில் ஒரு கிராமம் என்றுதான் இருக்கிறது. அது இல்லாமல் கட்டுரை நிற்காது. நானும் இரண்டு தரம் எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன், செத்துப்போய்க் கிடந்தது. எல்லாம் இங்கிலீசில்தானே. நம் பக்கத்தில் யார் வாசிக்கப் போகிறார்கள்? நீ பயப்படாதே.

றாஹிலா மைனிக்கு என் ஸலாம். நிக்காஹுக்கு எப்படியும் வரப் பார்க்கிறேன்.

ஷரிபுதீன்

*

சாய்ந்தமருது,
21.2.1955

ஷரிபுதீன் அவர்களுக்கு,

கல்முனை அப்துல் ஸமட் உங்களுக்கு மேல் வகுப்பில் அங்கே படிக்கிறாராமே. அவர் சகோதரியின் கலியாணத்துக்கு வந்திருந்தார். அந்தச் சஞ்சிகையையும் கொண்டு வந்தார். கலியாணப் பந்தலில் ஆண்களுக்கு நடுவில் இருந்து, நம்மட ஆள் இங்கிலீசில் எழுதியிருக்கிறான் பாருங்கள் என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. பெருமையாகத்தான் வாசித்திருக்கிறார்.

வேலிக்கு வெளியில் வைத்த பெட்டி. நாவிதன்வெளிக்குப் போன புருஷன். மரைக்காராக இருந்த வாப்பா. பெயர் எதற்கு? நீங்கள் யாருடைய வீட்டில் மாப்பிள்ளை என்று பந்தலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நீங்கள் நாவிதன்வெளியைக்கூட எடுக்கவில்லை.

வாப்பா அந்தப் பந்தலில் இருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்து வந்துவிட்டார். இரண்டு ஜும்ஆவாகப் பள்ளிக்குப் போகவில்லை. வரிப்பத்தான்சேனையிலிருந்து ஆள் விட்டிருக்கிறார்கள், நிக்காஹைத் தள்ளி வைக்கட்டாம். தைத்த துணி எல்லாம் பெட்டிக்குள் கிடக்கிறது.

றாத்தா என்னை ஏசவில்லை. அடுப்படியில் வந்து நின்று ஒன்றுதான் கேட்டா. “நீயா சொன்ன?” என்றா. “ஓம்” என்றேன். போய்விட்டா. இன்று வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.

அப்துல் ஸமட் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில், இந்த விபரங்களைத் தகவல் தந்த ஒருவரிடமிருந்து பெற்றேன் என்று போட்டிருக்கிறீர்களாம். நான் தகவல் தந்தேனா? என் புருஷன் ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்க முடியாமல் அழுகிறார் என்று, நான் காகம் விரட்டிக்கொண்டு யோசித்தேன். அதற்கு அங்கே வைத்திருக்கும் பெயர் அதுதானா?

அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிழிக்கச் சொன்னேன். கிழிக்கவில்லை என்பது விளங்குகிறது.

பங்குனி விடுமுறைக்கு இங்கே வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

ஜுனைதா

*

கண்டி,
17.3.1955

அன்புள்ள ஜுனைதாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். அதற்குப் பிறகும் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் வரவில்லை. இதை நீ உடைக்காமல் வைத்தாலும் நான் எழுதத்தான் வேண்டும்.

அந்த இரண்டிலும் மன்னிப்புக் கேட்டிருந்தேன். இப்போது யோசித்தால் அதிலும் நான்தான் நிறைய இருந்தேன், என் பயம், என் இங்கிலீசு, என் விசேட வகுப்பு. ஆகையால் இதில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்ததற்கு அடுத்த நாள் மிஸ்ஸிடம் போனேன். கட்டுரையில் இருப்பது என் மனைவியின் அக்காவின் கதை, யாரும் எனக்கு அனுமதி தரவில்லை, கிழிக்கச் சொன்ன கடிதத்திலிருந்து எடுத்தேன் என்று சொன்னேன். அவர், “நான் டிசம்பரில் உம்மிடம் கேட்டேனே” என்றார். உண்மை. கேட்டார். குடும்பத்தினருக்குத் தெரியுமா என்று கேட்டபோது தெரியும் என்று சொன்னவன் நான். அதை உனக்கு இதுவரை எழுதவில்லை.

கதவைப் பற்றிய வார்த்தையையும் கேட்டார். ஊரில் சொல்வதல்ல, என் மனைவி சொன்னது என்றேன். “அவருக்கு என்ன வயது?” என்றார். பத்தொன்பது என்றேன். அதற்குப் பிறகு என்னைப் போகச் சொல்லிவிட்டார்.

சஞ்சிகையில் இருநூறு பிரதி. கிடைத்ததைச் செல்லத்தம்பியும் நானும் அறை அறையாகப் போய் வாங்கினோம். எழுபத்தைந்தும் சேரவில்லை. கொழும்பில் ஒரு பெரிய சஞ்சிகை அதைக் கேட்டிருந்தது. தர முடியாது என்று எழுதிவிட்டேன். சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து நின்று, இது நான் கண்டுபிடித்தது அல்ல, என் மனைவி நம்பி எழுதியதை நான் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன். சிலர் கீழே பார்த்தார்கள். ஒருத்தர், இதையெல்லாம் ஏன் இங்கே சொல்கிறீர் என்றார்.

விசேட வகுப்புக்கு என் பெயர் போகவில்லை. பேசாததற்காக அல்ல என்று மிஸ் சொன்னார். சாதாரண பட்டத்துக்குத்தான் இருக்கப்போகிறேன். மாமாவுக்கும் இதைத் தனியாக எழுதியிருக்கிறேன்.

படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு கிழமை பெட்டி கட்டி வைத்திருந்தேன். பிறகு அவிழ்த்தேன். ஓடிவந்தால் அதையும் உன் தலையில்தான் போடுவேன் என்று பட்டது. வகுப்புக்குப் போகிறேன். இப்போதும் பேசுகிறேன், ஆனால் நான் வாசித்ததையும் எனக்கு விளங்காததையும்தான். அவை பெரிய கேள்விகள் அல்ல. போன கிழமை ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டேன். பதில் கிடைத்தது.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கிழிக்கச் சொன்ன கார்த்திகை மாதக் கடிதமும் இருக்கிறது. அவற்றை என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

றாஹிலா மைனிக்கும் ஒரு தாள் எழுதியிருக்கிறேன். அவவுக்கு எழுத்துத் தெரியாது என்பது தெரியும். நீ வாசித்துக் காட்டுவாயா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனால் கேட்கிறேன்.

ஷரிபுதீன்

*

சாய்ந்தமருது,
12.4.1955

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கட்டு வந்து மூன்று கிழமையாகிறது. இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

மாசி கடைசியில் வரிப்பத்தான்சேனையிலிருந்து றஊப் என்பவரின் உம்மாவும் தங்கையும் நேரில் வந்தார்கள். கேள்விப்பட்டது உண்மையா என்று கேட்கத்தான் வந்தார்கள். அதற்கு முதல்நாளே வாப்பா எங்களைக் கூப்பிட்டு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார். மருமகன் இங்கிலீசுப் படிப்பில் பெயர் எடுப்பதற்காகக் கட்டிய கதை அது, எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை, அவன் பொய்யன் என்று சொல்ல வேண்டும். நான் சரி என்றேன். உங்களைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு அன்றைக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் கலியாணம் நடந்திருக்கும். அவர்களும் அதைக் கேட்கத்தான் ஆசையாக இருந்தார்கள், முகத்தில் தெரிந்தது.

வாப்பா சொல்லத் தொடங்கினார். பாதியில் றாத்தா திரையை விலக்கிக்கொண்டு வெளியில் வந்தா. “அந்தப் புள்ள பொய் எழுதல்ல. அடிச்சான். நான்தான் பெட்டிய வெளிய வெச்ச. இன்னொருத்தன் அடிச்சாலும் அப்புடித்தான் வெப்பன்” என்றா. அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய்விட்டா. அந்த உம்மா தேத்தண்ணி குடிக்காமலே எழுந்தா. வண்டியில் ஏறும்போது தங்கை மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அதோடு அந்த இடம் முடிந்தது. வேறு இடமும் இதுவரை வரவில்லை. வரும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை.

வாப்பா றாத்தாவோடு கதைப்பதில்லை. மரைக்கார் பதவியை வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டார். உங்கள் கடிதத்தை வாசித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் றாத்தாவுக்கு எழுதியதை நான் உடனே வாசித்துக் காட்டவில்லை. கோபத்தில்தான் வைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமைதான் வேலியைத் தாண்டிப் போனேன். றாத்தா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் இருந்து முழுக்க வாசித்தேன். நடுவில் ஒரு இடத்தில் தாளை மடிக்கப் பார்த்தேன். “வாசி” என்றா. வாசித்தேன். முடித்த பிறகு, “பாதிய எழுதியிருக்கான், பாதிய விட்டிருக்கான்” என்றா. எந்தப் பாதி என்று கேட்டேன். “என்னட்ட அவன் கேக்கவேயில்ல, கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பன். அதத்தான் எழுதல்ல. கடதாசில வாணாம். வந்து எண்ட மொகத்தப் பாத்துச் சொல்லட்டும்” என்றா.

இரண்டு மாதத்துக்குப் பிறகு றாத்தா என்னோடு கதைத்தது அன்றைக்குத்தான்.

கடிதங்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கார்த்திகைக் கடிதத்தை றாத்தாவிடம் கொடுத்துவிட்டேன். அது அவவுடையது. மற்றவற்றை நானே வைத்திருக்கிறேன். ஒரு நாள் எடுத்து வாசித்தேன். நெல்லுக்கு நடுவில் இருந்துகொண்டு நான் யோசித்தவை நல்ல யோசனைகள்தான். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் நோன்பு. தலைப்பிறைக்கு முன்னால் வாருங்கள். கல்முனையில் பஸ்ஸால் இறங்கினால் வண்டி பிடிக்க வேண்டாம். றோட்டால் நடந்து வாருங்கள், கடைத்தெருவில் உள்ளவர்கள் உங்களைப் பார்க்கட்டும். எங்கள் வீட்டிலிருந்து யாரும் எதிர்கொள்ள வர மாட்டார்கள். முதலில் றாத்தாவின் வீட்டுக்குப் போங்கள். அங்கே எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே வர மாட்டேன்.

பிறகு இங்கே வாருங்கள். உங்களோடு கதைப்பேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. சோறு ஆக்கி வைத்திருப்பேன்.

ஜுனைதா